பாஸ்வேர்டு மாறியது, டோக்கன் மாறவில்லை

கேள்வி: ஏலக்காய் வியாபாரிகள் இருப்புக் கணக்குப் பார்ப்பதற்கான வலைச் செயலி ஒன்றை நடத்துகிறேன். குமுளிக் கடையில் வேலையை விட்டு நின்ற ஊழியரின் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட்டோம். ஒரு வாரம் கழித்தும் அவருடைய கைபேசியில் கணக்கு திறக்கிறதே, ஏன்?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: பாஸ்வேர்டை உங்கள் செயலி உள்ளே நுழையும்போது மட்டுமே கேட்கிறது. அதன்பின் அனுமதிச் சீட்டுபோல் ஒவ்வொரு முறையும் காட்டப்படும் ஆக்சஸ் டோக்கன் 15 நிமிடத்தில் காலாவதியானாலும், கைபேசியில் உள்ள, அதைவிட நீண்ட காலம் செல்லும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டிப் புதியது வாங்கிக்கொள்ளலாம். அந்த ரெஃப்ரெஷ் டோக்கனை நீங்கள் ரத்து செய்யவே இல்லை.

ரத்து செய்ய வேண்டுமென்றால், கொடுத்த டோக்கன்களின் பதிவு சர்வரில் இருந்தாக வேண்டும். டேட்டாபேஸில் ஓர் அட்டவணை அமைத்து, பயனர் எண், டோக்கனின் ஹாஷ் (அதிலிருந்து டோக்கனைத் திரும்பப் பெற முடியாத குறி), காலாவதி நாள், ரத்தான நேரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். டோக்கனை அப்படியே சேமிக்காதீர்கள். பாஸ்வேர்டு மாறும்போது, இரண்டும் ஒன்றாகவே முடியும்படி அதே டிரான்ஸாக்‌ஷனில், அந்தப் பயனரின் வரிகள் அனைத்திலும் ரத்தான நேரம் பதிவாக வேண்டும். லாக் அவுட் பொத்தான் கைபேசியிலிருந்து டோக்கனை அழித்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முன்பே நகலெடுத்து வைத்தவரை அது தடுக்காது.

ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் ரெஃப்ரெஷ் டோக்கனை மாற்றிக் கொடுப்பதும், பழையது மறுபடி வந்தால் திருட்டு என்று கருதி, அதிலிருந்து அடுத்தடுத்து வந்த டோக்கன்கள் அனைத்தையுமே ரத்து செய்வதும் நல்ல வழக்கம். இத்தகைய டோக்கன் முறையான ஓஆத் 2.0-வின் பாதுகாப்பு பற்றி 2025 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 9700 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதைப் பேசுகிறது. ஆனால் உங்கள் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் அறுந்தால், சர்வர் புதிய டோக்கனை அனுப்பியிருக்கும், கைபேசிக்கு அது வந்து சேர்ந்திருக்காது. கைபேசி பழையதையே மீண்டும் நீட்டும், பாவம், நேர்மையான வியாபாரி வெளியே தள்ளப்படுவார். ஆகவே பழைய டோக்கனுக்குச் சில விநாடிகள் மட்டும் சலுகை கொடுங்கள். இதனால் திருடனுக்கும் அந்தச் சில விநாடிகள் கிடைக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

ஏற்கெனவே வழங்கிய ஆக்சஸ் டோக்கன், டேட்டாபேஸைக் கேட்காமல் டிஜிட்டல் கையொப்பத்தையும் காலாவதியையும் மட்டும் பார்த்து ஏற்கப்படும் ஜே.டபிள்யூ.டி. வகை என்றால், தன் 15 நிமிடம் முடியும்வரை வேலை செய்யும். இருப்பைப் பார்ப்பதற்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் மாற்றும் பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைக் கேட்ட பிறகே அனுமதியுங்கள்.