காய்ச்சாத பசும்பால் கொடுத்ததிலிருந்து 14 மாதக் குழந்தைக்கு வயிறு சரியில்லை. பழகும்வரை தொடரலாமா?

தொடர வேண்டாம். இன்றைக்கு ராத்திரிப் பாலைக்கூடக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் கதை கொஞ்சம் நீளம்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 14 மாதப் பெண் குழந்தை, பண்ணையிலிருந்து பாட்டிலில் வரும் கறந்த பாலைக் காய்ச்சாமல் கொடுக்க ஆரம்பித்து நாலு நாள், வயிறு உப்பிக்கொள்கிறது, புளித்த வாடையோடு தண்ணியாகப் போகிறது, "உடம்பு பழகிக்கும், நிறுத்தாதீங்க" என்கிறார்கள். சொன்னது யார் என்று எழுதவில்லை. மாமியாராகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, இங்கே நாலு பேர் மாமியாரைத் திட்டக் கிளம்பிவிடுவார்கள். என் ஊகம் வேறு. உங்கள் வீட்டில் யாரோ போனில் வீடியோ பார்த்திருக்கிறார்கள். ஒருவேளை நீங்களேகூட. கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

நான் மாட்டுக்காரர் வீட்டுப் பையன். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊர். கட்டுத்தரையில் எப்போதும் மூன்று நான்கு உருப்படி நிற்கும். எனக்கு வேலை கோயம்புத்தூரில். 2023 மே மாதம், பையனுக்கு ஒரு வயது இரண்டு மாதம், லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தோம். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பச்சைப்பால் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். காய்ச்சினால் செரிக்கவைக்கிற என்சைம் செத்துவிடுமாம், பாக்கெட் பால் 'செத்த பால்' ஆம், நம் முன்னோர்கள் கறந்த சூட்டோடு குடித்துத்தான் வைரம் பாய்ந்த உடம்போடு இருந்தார்களாம். பேசியவர் தமிழர்தான். ஆனால் அவர் பேசியதெல்லாம் அமெரிக்காவில் யாரோ பேசியதன் மொழிபெயர்ப்பு என்று பிறகுதான் புரிந்தது.

விடிகாலை அப்பா பால் பீச்ச உட்கார்ந்தபோது நான் எவர்சில்வர் டம்ளரோடு பக்கத்தில் நின்றேன். கன்றை அவிழ்த்து நாலு வாய் ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டிவிட்டு, மடியில் தண்ணி அடித்துக் கழுவி, காம்புக்கு விளக்கெண்ணெய் தடவி, முதல் இரண்டு பீச்சைத் தரையில் விட்டார். சுத்தமான மனிதர். ஆனால் பாதியில் மாடு வாலைச் சுழற்றியது. சாணியில் நனைந்த வால். போசிக்குள் ஏதோ விழுந்தது. அப்பா சுண்டுவிரலால் அதை எடுத்துச் சுண்டிவிட்டுத் தொடர்ந்து பீச்சினார். எப்படியும் காய்ச்சப்போகிற பால், அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பார்த்துவிட்டும் டம்ளரை நீட்டினேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பச்சைப்பாலையா குடுக்கப்போற? ஆகாது கண்ணு, வவுத்தால போகும்" என்றது.

"நீ காய்ச்சிக் காய்ச்சியே சத்தையெல்லாம் ஆவியாக்கிட்டம்மா."

"அப்புறம் நீ எப்படிடா சாமி இந்த உசரம் வளந்த?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது செய்வதைச் செய்தேன். சிரித்துவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனேன். மேலுதட்டில் நுரை மீசையோடு அவனைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். முப்பது இதயம் விழுந்தது.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் வயிறு தபேலா மாதிரி. மனைவி "ஏங்க, நிறுத்திடலாமே" என்றாள். "பழகணும்ல, ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்" என்றேன். உங்கள் கேள்வியில் அந்த 'பழகும்' என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல். விடிவதற்குள் பதினோரு முறை போய்விட்டான். கடைசி டயப்பரில் சளி மாதிரி வழவழவென்று, அதில் சிவப்பாக ஒரு நூல். மனைவி அதை விளக்கு வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கோபியில் ஒரு குழந்தை டாக்டர், வயசான அம்மா. முதல் கேள்வியே "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" எங்களுக்குத் தெரியவில்லை. தண்ணியாகப் போகும்போது டயப்பரில் எது எதென்று பிரித்துப் பார்க்க முடியாது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், மெதுவாகத்தான் திரும்பியது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "பி.இ. மெக்கானிக்கல்." "லூயி பாஸ்டர் பேரை ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே" என்றார். சூடாக்கிக் கிருமியைக் கொல்கிற பாஸ்டரைசேஷனுக்குப் பேர் கொடுத்தவர். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அவர் அன்றைக்குச் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பால் மடியிலிருந்து வரும்போதே கிருமி இருக்கலாம், இல்லாவிட்டாலும் சாணி, கை, பாத்திரம் வழியாக வந்து சேரும். கேம்பைலோபேக்டர், சால்மொனெல்லா, ஈ.கோலையில் சில வகைகள், லிஸ்டீரியா. மாட்டுக்குக் கருக்கலைந்து கன்று வீசவைக்கிற புரூசெல்லா மனிதனுக்கு வந்தால் வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல். மாட்டுக் காசநோயும் பால் வழியாக வரும். மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மேயும், கறக்கும். பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி வைத்துக் குளிரவைக்கிறார்கள், இந்தக் கிருமிகளுக்கு அது போதும். நம் வீட்டில் பொங்கவைப்பது அதைவிடவே அதிகம். இதில் போவது கொஞ்சம் பி வைட்டமின்களும் சி வைட்டமினும். சி-க்காக யாரும் பால் குடிப்பதில்லை. புரதமும் கால்சியமும் அங்கேயேதான் இருக்கும், ஆவியாகிப் போவது தண்ணீர்.

அந்த என்சைம் கதை: பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கிற லாக்டேஸ் என்சைம் பச்சைப்பாலில் கிடையாது. அது குழந்தையின் சிறுகுடலில்தான் சுரக்க வேண்டும். போதாததற்கு, காய்ச்சிய பால் வயிற்றில் மெத்தென்று திரியும், பச்சைப்பால் கட்டிக் கட்டியாகத் திரியும். 'எளிதில் செரிக்கும்' என்று வீடியோவில் சொன்னது நேர் தலைகீழ்.

இப்போது சிலர் வருவீர்கள். "நாங்கள் எல்லாம் அப்படித்தான் குடித்தோம், கல்லு மாதிரி இருக்கிறோம்." இருக்கலாம், உங்களைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் அப்பத்தாவுக்கு ஒன்பது பிரசவம், வளர்ந்தது ஆறு. "அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள்" என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது அந்த மூன்று பேர் என் நினைவுக்கு வரவே இல்லை. 1971-இல் இந்தியாவில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 129 குழந்தை ஒரு வயதைத் தாண்டவில்லை. பாலால்தான் என்று சொல்லவில்லை, அவசரப்பட்டு வராதீர்கள். கல்லு மாதிரி இருப்பவர்கள் மட்டும்தானே இன்றைக்கு வந்து பதில் எழுத முடியும் என்கிறேன்.

"மாம்பழமாக இருக்கலாம், ஊர்த் தண்ணியாக இருக்கலாம்." ஆமாம், இருக்கலாம். டாக்டரே பால்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. மலப் பரிசோதனையில் சீழ் செல்கள், ரத்தம். எந்தக் கிருமி என்று கல்ச்சர் செய்து பார்க்கவில்லை. ஆனால் அதே தண்ணி, அதே மாம்பழம் எங்கள் எல்லோருக்கும் போனது. காய்ச்சாத பால் போனது ஒரே ஒரு வயிற்றுக்குள்.

இன்னொன்று, இது பாரம்பரியம் என்பவர்களுக்கு. எந்தப் பாரம்பரியம்? புது வீடு புகுந்தால் முதல் வேலை பால் காய்ச்சுவது. தை பிறந்தால் பானையில் பால் பொங்க வேண்டும். பச்சைப்பால் போவது சாமி அபிஷேகத்துக்கும் பாம்புப் புற்றுக்கும். அம்மா ஏழாவதோடு பள்ளியை விட்டது, அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஓ.ஆர்.எஸ். பற்றி, அதாவது பேதியில் இழந்த தண்ணியையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றி, ஒரு வயிற்றெரிச்சல். டாக்டரிடம் போகும் முன்பே, ராத்திரி ஒரு மருந்துக் கடையைத் தட்டி எழுப்பி ஓ.ஆர்.எஸ். கேட்டேன். ஆப்பிள் சுவையில் ஒரு அட்டை டப்பா கொடுத்தார்கள். அட்டையில் பெரிதாக அந்த மூன்று எழுத்து. பையன் ஆசையாகக் குடித்தான், குடிக்கக் குடிக்கப் போனான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். இந்தப் பழச்சாற்றுத் தண்ணியில் சர்க்கரை அதற்குப் பல மடங்கு, அந்தச் சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணியை இழுத்துவிடும். 2025 அக்டோபரில்தான் இந்த மாதிரிப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. என் பையனுக்கு இரண்டரை வருஷம் தாமதம். நிஜமான ஓ.ஆர்.எஸ். பொடியாகப் பாக்கெட்டில் வரும், அரசு ஆஸ்பத்திரியிலும் அங்கன்வாடியிலும் சும்மாவே கொடுப்பார்கள். எத்தனை மில்லிக்கு என்று பாக்கெட்டில் போட்டிருப்பதற்குக் குறையாமல் கூடாமல் தண்ணி. ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குகிற வேலை வேண்டாம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு டீஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. நாங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அன்று மாலை வரை கொடுத்தோம். நாலரை மணிக்கு என் மடியில் ஒண்ணுக்குப் போனான். அந்த லுங்கியைத் துவைக்கவே மனசு வரவில்லை. கூடவே துத்தநாகச் சொட்டு, தினம் 20 மில்லிகிராம், 14 நாள்.

உங்களுக்கு முக்கியமானது அடுத்ததுதான். ரத்தமும் காய்ச்சலும் நின்று ஐந்தாம் நாள், நன்றாகக் காய்ச்சிய பாலையே கொடுத்தோம். அரை மணியில் நுரை நுரையாக, புளிச்ச மாவு வாடையோடு வெடித்துக்கொண்டு போனது, பின்பக்கம் சிவந்து புண். டாக்டருக்குப் போன் போட்டால், கிருமி குடலின் உள்தோலைச் சுரண்டிவிட்டுப் போயிருக்கிறது, லாக்டேஸ் சுரப்பதே அந்தத் தோலின் நுனியில்தான், அது வளர இரண்டு வாரம் ஆகும் என்றார். அதுவரை தாய்ப்பால் தொடரலாம், தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம், வெறும் பால் மட்டும் வேண்டாம் என்றார். தயிரில் பால் சர்க்கரையின் ஒரு பகுதியை உறை மோர் ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். உங்கள் குழந்தைக்குப் புளித்த வாடையும் உப்பசமும் என்றதும் எனக்கு நினைவு வந்தது இதுதான். ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். பால் புரதமே ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு. அது லாக்டோஸ் விஷயம் இல்லை, தடிப்பு, வாந்தி என்று வேறு வழியிலும் காட்டும்.

பாட்டிலில் வரும் பண்ணைப் பால் என்று எழுதியிருந்தீர்கள். லிட்டர் 110, 120 என்று வாங்குவீர்களாக இருக்கும். எங்கள் அப்பா அந்த வருஷம் சொசைட்டியில் ஊற்றிய பாலுக்கு லிட்டர் 35 ரூபாய்க்கு மேல் பார்க்கவில்லை. ஃபேட் ஒரு புள்ளி குறைந்தால் அதுவும் குறையும். தவிடு மூட்டை விலை ஏறும்போது பால் விலை ஏறாது, பால் விலை ஏறினால் ஒரு வாரம் டீவியில் விவாதம். அதே மாடு, அதே சோளத்தட்டு. கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஒரு காளை மாட்டுப் படம் போட்டு — காளை எங்கே கறக்கிறது? — மூன்று மடங்கு விலை வைத்து, காய்ச்சாதே என்று வேறு சொல்லிவிடுகிறார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். வருஷக்கணக்காக வயிற்றில் கிடந்தது, வந்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: பாலை நிறுத்துங்கள், தாய்ப்பால் இருந்தால் அதை நிறுத்தாதீர்கள், ஓ.ஆர்.எஸ். ஆரம்பியுங்கள். நாலு நாள் ஆகிவிட்டது, காலையில் டாக்டரிடம் போய்க் காய்ச்சாத பால் கொடுத்தோம் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், ஆறு மணி நேரமாக ஒண்ணுக்கு இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, கூப்பிட்டால் துவண்டு கிடக்கிறாள், இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். பேதி நிற்கிற மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தம் போயிருந்தால், நின்ற பிறகும் ஒரு வாரம் ஒண்ணுக்குக் குறைகிறதா, முகம் வெளுக்கிறதா, வீங்குகிறதா என்று பாருங்கள். சில கிருமி சிறுநீரகத்தில் கை வைக்கும் என்று எங்களிடம் சொல்லித்தான் அனுப்பினார்கள். பிறகு பால் ஆரம்பிக்கும்போது பண்ணைப் பாலோ பாக்கெட்டோ, பொங்கக் காய்ச்சி ஆறவைத்து, முதல் நாள் கால் டம்ளர். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். பாலிலேயே வயிறு நிரம்பினால் சோறு இறங்காது, இரும்புச் சத்து குறையும்.

நான் டாக்டர் இல்லை. பண்ணைப் பாலுக்கு எதிரியும் இல்லை, அதை விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள்.

பையன் தேறிவிட்டான். ஆடை படிந்திருந்தால் டம்ளரைத் தொடமாட்டான், அது ஒன்றுதான் இப்போது பிரச்சினை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா பால் போசியை அடுப்பில் வைக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்து, "காய்ச்சட்டுங்களா எஞ்சினியர் சார்?" என்று கேட்காமல் வைப்பதில்லை.