கருகிய டோஸ்ட்: சுரண்டினால் போதுமா, சோதனைக்குப் போக வேண்டுமா?

கோவை வாசகி ஒருவரின் கேள்வி: "என் கணவருக்கு டோஸ்ட் ஓரமெல்லாம் கருத்தால்தான் பிடிக்கும். கத்தியால் கரியைச் சுரண்டிவிட்டால் ஒன்றும் செய்யாது என்கிறார் மாமியார். பத்து மாதக் குழந்தைக்கு ரஸ்க்கை நனைத்து ஊட்டுகிறோம். எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு வந்த ஒருவர், கருகிய பிரெட் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று சொல்லி, நச்சை இறக்க கரி காப்ஸ்யூல் கொடுத்தார். குடும்பத்துக்கே ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் என்று 1,000 ரூபாய் அட்வான்ஸும் வாங்கிப் போய்விட்டார். என்ன செய்வது?"

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். இதுவரை தின்ற டோஸ்டுக்காக உங்கள் வீட்டில் யாருக்கும் எந்தச் சோதனையும் தேவையில்லை. இனிமேல் பொன்னிறத்தில் நிறுத்தப் பழகினால் போதும்.

அந்த ஆள் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மாவுப்பொருளை 120 டிகிரிக்கு மேல் ஈரமில்லாமல் சூடாக்கினால், அதிலுள்ள சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. நிறம் ஏற ஏற அதுவும் ஏறும். உணவில் இது இருப்பதை 2002 ஏப்ரலில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் வைத்துவிட்டது. விலங்குகளுக்கு மிகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த சோதனைகளே அதற்கு முக்கிய ஆதாரம். சாப்பாட்டில் சேரும் அக்ரிலமைடால் மனிதருக்குப் புற்றுநோய் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வுகள் உறுதியாக எதையும் காட்டவில்லை. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஒரு துண்டு டோஸ்டில் எவ்வளவு ஆபத்து என்று அது சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. சில ஆண்டுக்கு ஒருமுறை பீதிச் செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. அதன் பின்னாலேயே விற்க வருகிறவர்களும் வந்துவிடுகிறார்கள்.

மாமியார் சொல்வது பாதி சரி. சுரண்டினால் அக்ரிலமைடு குறையும். ஆனால் கரிக்குக் கீழே பழுப்பாகியிருக்கும் பகுதியிலும் அது இருப்பதால், சுரண்டிய டோஸ்ட் பொன்னிற டோஸ்டுக்குச் சமமாகாது. டோஸ்டர் திருகை ஒரு எண் குறையுங்கள். தோசைக்கல்லில் போடுவதானால் தீயைத் தணித்து, கூடக் கொஞ்ச நேரம் விடுங்கள். மொறுமொறுப்பு வரும், கருப்பு வராது. கணவர் ஒரே நாளில் மாற வேண்டியதில்லை. வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் டோஸ்ட் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் நிறுத்துங்கள். அக்ரிலமைடு அந்தப் புகையிலும் நிறைய இருக்கிறது.

நிறம் பார்த்து நிறுத்தச் சொல்லும்போது பிரவுன் பிரெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பல, மைதாவில் கேரமல் நிறம் சேர்த்தவை. பையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். முதலில் மைதா என்றும், பின்னால் 150ஏ என்ற நிற எண்ணும் இருந்தால் அந்தப் பழுப்பு கோதுமையால் வந்ததல்ல. ஏற்கெனவே பழுப்பாக இருக்கும் துண்டில் எப்போது நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது. பொடி எழுத்தைத் தேட வைக்காமல் பையின் முன்பக்கத்திலேயே சத்து விவரத்தை அச்சிடுவதற்கு 2022-இல் வரைவு விதி வந்தது. ஆண்டுகள் ஓடியும் அது கடைக்கு வந்து சேரவில்லை. வாங்குகிறவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையில் நிற்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது குழந்தையின் ரஸ்க்தான். பெரியவர்களுக்கு நான் சொன்ன ஆறுதலைக் குழந்தைக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ரஸ்க் என்பது ஒருமுறை சுட்ட பிரெட்டை அறுத்து மறுபடி சுட்டது. உங்கள் கணவருக்கு ஒரு துண்டு அற்பம். எட்டு கிலோ குழந்தைக்கு, எடைக்கு எடை பார்த்தால், அதே துண்டு பல மடங்கு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் சாதாரண பிஸ்கட்டுக்கு ஒரு கிலோவுக்கு 350 மைக்ரோகிராம் அக்ரிலமைடு என்று வைத்த வழிகாட்டு அளவை, கைக்குழந்தைகளுக்கான பிஸ்கட், ரஸ்க்குக்கு 150 ஆகக் குறைத்திருக்கிறது. நம் பேக்கரி ரஸ்க் குழந்தைக்கென்று செய்ததும் அல்ல. மைதாவும் சர்க்கரையும் வேறு. நனைத்துக் கொடுப்பதால் சுட்டபோது உண்டானது போய்விடாது. ஊருக்குப் போகும் வழியில் ஒருநாள் கொடுத்திருந்தால் வருந்த வேண்டாம். தினமும் காலையில் அதுவே ஆகாரம் என்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். இட்லி, குழைந்த பருப்புச் சோறு, ராகிக் கூழ், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு கொடுங்கள். தண்ணீரிலும் ஆவியிலும் வேகும் உணவு ஈரமாகவே இருக்கும், டோஸ்ட் அளவுக்குச் சூடேறாது. அதனால் அங்கே இந்தப் பிரச்சினையே எழாது.

இனி அந்த ஆளிடம் வருகிறேன். கரி காப்ஸ்யூலை யாரும் விழுங்காதீர்கள். மருத்துவமனையில் சில வகை விஷம் குடித்தவருக்கு உடனடியாகக் கொடுக்கும் மருந்து அது. என்றோ தின்று உடலில் கலந்துவிட்டதை அது இழுத்து வராது. ஆனால் அன்று விழுங்கிய மாத்திரையை உறிஞ்சிவிடும். மாமியார் தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

பரிசோதனை பேக்கேஜ் இன்னும் மோசம். சி.இ.ஏ., சி.ஏ. 125 என்று பெயர் போட்டு வரும் ரத்தச் சோதனைகள், பெரும்பாலும் நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. அறிகுறியே இல்லாதவரிடம் புற்றுநோய் தேடுவதற்கு இவை ஏற்றவை அல்ல. சிகரெட் பிடிப்பவருக்கு முதல் எண் ஏறும். மாதவிடாய் நாட்களில் பெண்ணுக்கு இரண்டாவது எண் ஏறலாம். எண் ஏறினால் ஸ்கேன், ஸ்கேனில் ஏதோ தெரிந்தால் அடுத்த சோதனை என்று குடும்பம் அலையும். ஒவ்வொரு படியிலும் கமிஷன் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தரகர்களை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

உங்களுக்கு 30 வயது ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரையோடு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் அங்கே இலவசம். கணவரையும் கூட்டிப் போங்கள்.

முன்பணத்தைத் திருப்பித் தரும்படி அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். ரசீது, காப்ஸ்யூல் டப்பா இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அபார்ட்மென்ட் சங்கத்திலும் சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் அவர் பக்கத்து பிளாக்குக்குப் போயிருப்பார்.