90,000 ரூபாய் மூட்டுக்கா, அச்சுக்கா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. “ஸ்கேன் எடுத்து, அம்மா காலுக்கென்றே 3டி பிரிண்டிங்கில் மூட்டு வைப்போம், ஒரு காலுக்கு 90,000 ரூபாய் கூடுதல்” என்கிறார்கள். சாதாரண மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். கடன் வாங்கியாவது இதையே வைக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: கடன் வாங்காதீர்கள். முதலில் ஒன்று கேளுங்கள்: பிரிண்ட் செய்வது காலுக்குள் வைக்கும் மூட்டையா, எலும்பை வெட்ட உதவும் அச்சையா? பெரும்பாலும் அச்சைத்தான். ஸ்கேனைப் பார்த்து, அம்மாவின் எலும்பு மேல் கச்சிதமாக உட்காரும் நைலான் துண்டு ஒன்றைச் செய்வார்கள். அதன் பிளவு வழியே ரம்பத்தை விட்டு வெட்டுவோம். வெட்டியதும் அது குப்பைக்குப் போய்விடும். உள்ளே தங்கப்போவது பல சைஸ்களில் பெட்டியில் வரும் அதே உலோக மூட்டும் பிளாஸ்டிக் தட்டும்தான். அச்சு வைத்து வெட்டினால் மூட்டு அதிக காலம் உழைக்கும் என்று எந்த ஆய்வும் உறுதியாகக் காட்டவில்லை.

பிறகு ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டு முழுத் தொகுப்புக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. அச்சு அந்தப் பட்டியலில் இல்லை. மூட்டு விலையில் ஏற்ற முடியாததைச் சிலர் ஸ்கேன், ‘பிளானிங்’, அச்சு என்று ஏற்றுகிறார்கள். மூட்டுக்கு வேலி போட்டவர்கள் பக்கத்திலேயே வாசலைத் திறந்து வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடம் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள்.

இன்னொன்று. உங்களிடம் பேசியது அறுவை செய்யப்போகும் மருத்துவரா, கவுண்டரில் இருக்கும் ‘கோஆர்டினேட்டரா’? மருத்துவர் வாயால் காரணம் சொல்லாத எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள். ‘பேக்கேஜ்’ என்று ஒற்றை வரியில் பில் தந்தால் வாங்காதீர்கள். மூட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை தனித்தனியாக வேண்டும். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் கோப்பில் ஒட்டப்பட வேண்டும். நாளைக்கு மூட்டில் கோளாறு வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் அச்சுக்கு நானே சரி சொல்வேன். அம்மாவுக்கு முன்பு தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி இருக்கிறதா? எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறதா? வழக்கமாக, தொடை எலும்பின் நடுத் துளைக்குள் ஒரு கோலைச் செலுத்தி அதன் நேரை வைத்துத்தான் வெட்டும் கோணத்தைப் பிடிப்போம். கம்பி அடைத்திருந்தால் கோல் போகாது. எலும்பு வளைந்திருந்தால் கோலே தப்பான கோணத்தைக் காட்டும். அந்தக் கம்பியைக் கழற்றுவது தனியாக ஒரு பெரிய அறுவை. அங்கே அச்சு உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் அதற்கு சி.டி. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். உலோகம் பக்கத்தில் இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் கலங்கிவிடும். ஸ்கேன் பல மாதம் பழையதாக இருக்கவும் கூடாது. இடையில் எலும்பு தேய்ந்திருந்தால் அச்சு சரியாக உட்காராது.

உள்ளே வைக்கும் மூட்டையே அம்மாவுக்கென்று செய்வதாகச் சொன்னால், அதற்கு மருத்துவர் எழுதித் தந்த கோரிக்கையின் நகலைக் கேளுங்கள். 2017 மருத்துவக் கருவி விதிகள்படி, தனி நோயாளிக்கான கருவியை மருத்துவரின் எழுத்துக் கோரிக்கையின் பேரில்தான் செய்ய வேண்டும். காட்டத் தயங்கினால் வேறு மருத்துவமனை பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் முதல் ஆறு வாரம் பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். கால் முழுசாக நீளவும் மடங்கவும் அந்தப் பயிற்சிதான் வேண்டும்.