விடியற்காலையில் ஓடியும் 14-வது கிலோமீட்டரில் துவண்டு போகிறதா?

இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது தீர்வு இல்லை, தொடக்க வேகத்தைக் குறையுங்கள். முதல் 5 கிலோமீட்டரில், வழக்கத்தைவிடக் கிலோமீட்டருக்கு 30 விநாடியாவது மெதுவாகப் போங்கள்.

கல்லணைக் கால்வாய்க் கரையில் 5 மணிக்கே கிளம்பியும், வழியெல்லாம் தண்ணீர் குடித்தும், 14-வது கிலோமீட்டரில் தலை கனத்துக் கால் துவண்டுவிடுகிறது என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் ஈரப்பதம்தான். விடியலில் வெயில் இல்லை, சரி. ஆனால் காற்றில் ஒப்பு ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். அதோடு ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் தண்ணீர் நிற்கும் நடவு வயல். வியர்வை சொட்டினால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். பனியனைப் பிழியலாம் போல நனைந்தும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போவது இதனால்தான். மெதுவாகத் தொடங்கினால் அந்தச் சூடும் மெதுவாகத்தான் ஏறும்.

ஒன்று செய்து பாருங்கள். ஓடுவதற்கு முன்னும், முடித்து வியர்வையைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால், குடித்ததற்கு மேல் ஏறக்குறைய 1 லிட்டர் போயிருக்கிறது. எடை ஏறியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அது இரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடும், ஆபத்து. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூள்) கரைத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் ஓ.ஆர்.எஸ். குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கரையில் தயவுசெய்து தனியாக ஓடாதீர்கள். பேச்சு குழறினாலோ தள்ளாடினாலோ கூட வருபவர் உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.