தோற்கிற அணி கோச்சைத் தூக்கினால் எழும்புமா?

கேள்வி இது: "ஒரு தொழில்முறை உதைபந்தாட்ட அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால் தலைமைப் பயிற்றுவிப்பாளரை நீக்குவதுதான் சரியா, இல்லை பொறுமை காக்க வேண்டுமா?"

தோற்கிறார்கள் என்பதற்காக மட்டும் நீக்கக்கூடாது. இதே ஆட்களை வைத்துக்கொண்டு இன்னொருவர் இதைவிட நன்றாக விளையாட வைப்பார் என்று நிர்வாகம் நம்புகிறதா, அந்த இன்னொருவர் யார் என்று ஒரு பெயரும் கையில் இருக்கிறதா? அப்படியென்றால் நாளைக்கே நீக்கலாம். பெயர் இல்லாமல் நீக்குவது ரசிகர்களின் வாயை அடைக்கச் செய்கிற வேலை.

திருகோணமலையில் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பார்க்கிற எந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் சரி, முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினால் "தூக்கு அந்தாள" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மன்செஸ்டர் யுனைட்டட் ஆட்கள். 2013 இல் அதன் பழைய கோச் பெர்கியூசன் ஓய்வு பெற்றதிலிருந்து அந்தக் குரல் ஓயவே இல்லை. மோயஸ், வான் கால், மொறீனியோ, சோல்ஷியர், டென் ஹாக் என்று வரிசையாகத் தூக்கியும் பார்த்தாயிற்று.

பொறுமைக் கட்சிக்காரர்கள் உடனே பெர்கியூசனை இழுத்துக்கொண்டு வருவார்கள். 1986 நவம்பரில் வந்த மனிதர், 1990 வரைக்கும் ஒரு கிண்ணமும் இல்லை, அப்போதே அனுப்பியிருந்தால் 13 லீக் பட்டம் ஏது என்பார்கள். இந்த வாதம் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. பொறுமை காத்தே மூழ்கிப்போன கழகங்களை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை என்பதால்தான் இது எடுபடுகிறது. 2016-17 சீசன் முழுக்க சண்டர்லண்ட் டேவிட் மோயஸைத் தொடவில்லை. 24 புள்ளிகளோடு கடைசி இடத்தில் வந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். அந்தப் பொறுமையை யார் கதையாகச் சொல்கிறார்கள்?

மறுபக்கம், கோச்சை மாற்றினதும் அணி நாலு மட்ச் வெல்லும் என்பார்கள். அது எல்லோரும் கண்ணால் கண்டதுதான். ஆனால் கழகங்கள் எந்த நேரத்தில் மாற்றுகின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஐந்தாறு மட்ச் மோசமாகப் போன பிறகு. அந்த ஐந்தாறில் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கிடைக்க வேண்டிய பெனால்டி கிடைக்காமல் போனது, நடுப் பின்கள ஆள் காயத்தோடு வீட்டில் இருந்தது எல்லாம் கலந்துதான் இருக்கும். யார் கோச்சாக இருந்தாலும் அந்த விதி ஒரு கட்டத்தில் திரும்பும். காய்ச்சல் தானாக இறங்குகிற நாளில் நூல் கட்டினவருக்குத்தானே பேர்! பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளியலாளர், அந்நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையான காலத்தை எடுத்து இதையே ஆராய்ந்தார். சரிந்துபோய்க் கோச்சை நீக்கிய அணிகள் மீண்டன. அதே மாதிரி சரிந்தும் நீக்காமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரியே மீண்டன.

எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2018 டிசம்பரில் மொறீனியோ போய் சோல்ஷியர் இடைக்காலமாக வந்தார். முதல் எட்டு மட்ச்சும் வெற்றி. வெடி கொளுத்தாத குறை. மார்ச்சில் மூன்று வருட ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். மே மாதம் சீசனின் கடைசி மட்ச்சில், ஏற்கெனவே கீழிறங்குவது உறுதியாகிவிட்ட கார்டிஃப், ஓல்ட் ட்ரஃபோர்டுக்கே வந்து 2-0 என்று அடித்துவிட்டுப் போனது.

அப்படியானால் மாற்றுவதில் பயனே இல்லையா? இருக்கிறது. அதற்கு லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள், ஒரே கழகத்தில் இரண்டு விதமும் கிடைக்கும்.

2016 இல் லெஸ்டரை சம்பியனாக்கிய ரனியேரியை, பத்து மாதம்கூட ஆகாமல் 2017 பெப்ரவரியில் நீக்கினார்கள். நன்றி கெட்டவர்கள் என்று உலகமே திட்டியது. நன்றியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்: 2017 பிறந்து லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, கீழிறங்கும் எல்லைக்கு (கடைசி மூன்று அணிகள் இறங்கும்) மேலே ஒரே ஒரு புள்ளி. நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்து பறித்த கான்டே செல்சிக்குப் போய்விட்டார், ரனியேரியோ அமைப்பை மாற்றி மாற்றிப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரை (நாடகக்காரருக்கு உறவில்லை) பொறுப்பில் வைத்தார்கள். முதல் மட்ச்சிலேயே லிவர்பூலுக்கு 3-1, தொடர்ந்து ஐந்து லீக் வெற்றி, கடைசியில் 12 ஆம் இடம். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பட்டம் வென்ற வருடத்து 4-4-2 க்கே (பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர்) திரும்பினார். பின்னால் இறுக்கி நின்று, பந்தைப் பறித்த கையோடு முன்கள ஆள் வார்டி ஓடுகிற இடத்துக்கு நீட்டி அடிப்பது. அந்த ஆட்களுக்கு வந்த விளையாட்டு அதுதான், அது தெரிந்த மனிதர் அதே கட்டடத்துக்குள் இருந்தார்.

அதே லெஸ்டர் 2024 நவம்பரில் ஸ்டீவ் கூப்பரை நீக்கியபோது அணி 16 ஆம் இடத்தில், எல்லைக்கு மேலேதான் நின்றது. கூட்டி வந்தது ரூட் வன் நிஸ்டல்ரோயை. அவர் அதற்கு முன் யுனைட்டடில் நாலே நாலு மட்ச் இடைக்காலக் கோச்சாக இருந்து ஒன்றிலும் தோற்காதவர். அந்த நாலில் வென்றது மூன்று, அதில் இரண்டு இதே லெஸ்டருக்கு எதிராக. எங்களை இப்படி அடித்தவர் கெட்டிக்காரராகத்தான் இருப்பார் என்று நினைத்தார்களோ என்னவோ! 18 ஆம் இடத்தில் முடித்துக் கீழே இறங்கினார்கள்.

பெயர் கையில் இருந்தும் பொருத்தம் பார்க்காமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு யுனைட்டடே போதும். 2024 மே மாதம் டென் ஹாக் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றார், அதுவும் மன்செஸ்டர் சிட்டியைத் தோற்கடித்து. நிர்வாகம் வேறு ஆள் தேடிப் பார்த்தது, பிறகு அவரையே வைத்திருக்க முடிவு செய்து ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டியது. அவர் கேட்ட மாதிரி ஆட்களை வாங்கியது. அக்டோபரில், சீசனில் ஒன்பது லீக் மட்ச் முடிந்த நிலையில், அவரை நீக்கியது. அவருக்கும் உதவியாளர்களுக்கும் கொடுத்த இழப்பீடு 10 மில்லியன் பவுணுக்கு மேல். வந்த ரூபென் அமோரிம், பின்னால் மூன்று பேரை நிறுத்தி 3-4-3 ஆடுகிற ஆள். இருந்த அணியோ நாலு பேர் பின்களத்துக்காகச் சேர்த்த அணி. ஜனவரி வரைக்கும் ஆட்களையும் வாங்க முடியாது, பயிற்சிக்கு நாளும் இல்லை. டென் ஹாக் போகும்போது அணி 14 ஆம் இடத்தில் நின்றது. அமோரிம் அதை 15 இல் கொண்டுவந்து முடித்தார்.

கூட்டத்தில் நான் இதைச் சொன்னால் "அப்ப டென் ஹாக்கையே வச்சிருக்கச் சொல்றியா?" என்று பாய்வார்கள். இல்லை. அவரை அனுப்ப வேண்டிய நேரம் மே மாதம். கிண்ணத்தோடு கௌரவமாக அனுப்பிவிட்டு, வருகிறவர் தனக்கு வேண்டிய ஆட்களை அவரே எடுக்க விட்டிருக்கலாம். கோடையில் காசைக் கொடுத்துவிட்டு மழைக்காலத்தில் ஆளைத் துரத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

எங்கள் ஊரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை அணி இல்லை, எவருக்கும் சம்பளமும் இல்லை. நான் நிர்வாகக் குழுவில் இருக்கிற ஒரு சின்னக் கழகம், பெயர் வேண்டாம். ஒரு வருடம் லீக்கில் அடி மேல் அடி. கோச் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பழக்கிப் பெயர் எடுத்தவர், நேரம் தவறாதவர், காலை ஐந்தரைக்கெல்லாம் பந்துச் சாக்கை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். ஆட்கள் வரமாட்டார்கள். கூட்டம் வைத்தோம். செயலாளர் வரவு எழுதுகிற சீ.ஆர். கொப்பியை மேசையில் விரித்தார். இடது பின்கள ஆள், நடுக்களத்தில் இரண்டு பேர், பதில் கோல்காப்பாளர் - இவர்களின் பெயருக்கு நேரே புள்ளடி புள்ளடியாகப் போகிறது. மூன்று பேர் திருக்கடலூர்ப் பக்கம், இரவு கடலுக்குப் போய் விடியத்தான் வள்ளம் கரைக்கு வரும். வலை தட்டி, மீன் விற்று, வீட்டுக்குப் போய்ப் படுக்கிற நேரத்தில் இவர் ஓடச் சொல்கிறார். மாரியில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத மாதங்களில் ஆட்கள் முழுசாக வருவார்கள், ஆனால் அப்போது மைதானத்தில் தண்ணீர் நிற்கும்.

கிண்ணியாவிலிருந்து வருகிற எங்கள் பொருளாளர் நானா கொப்பியைப் பார்த்துவிட்டு, "கோச்ச மாத்துறதெண்டா மாத்துங்க தம்பி, ஆனா கடலத் தெரிஞ்ச ஒருத்தனப் போடுங்க" என்றார். போட்டோம். முன்பு எங்களுக்கே விளையாடியவர், பாதி வருடம் கடலுக்குப் போனவர். அவர் செய்த முதல் வேலை பயிற்சி அட்டவணையை நிலவைப் பார்த்துப் போட்டது. பறுவத்தை ஒட்டிய நாட்களில் வெளிச்சத்தில் வலை மீனுக்குத் தெரியும், பிடிபாடு குறைவு, நிறையப் பேர் கரையில் நிற்பார்கள். கடுமையான பயிற்சியெல்லாம் அந்த வாரத்தில். மற்ற வாரங்களில் பின்னேரம் ஒரு மணித்தியாலம், பந்தை வைத்து மட்டும். கிண்ணம் ஒன்றும் எடுக்கவில்லை, ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் கோல் வாங்குகிற வியாதி போனது. பழைய கோச் கெட்டிக்காரர் இல்லை என்று இன்றைக்கும் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் பள்ளிக்கூட அணிக்குப் பொருத்தமானவர், எங்களுக்குப் பொருந்தவில்லை.

புள்ளிப் பட்டியலை வைத்துக் கோச்சை அளக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். 2023-24 இல் பேர்ன்லி 19 ஆம் இடத்தில் வந்து கீழிறங்கியது. அதன் கோச் வின்சென்ட் கொம்பனியை அந்த மே மாதமே பயேர்ன் மியூனிக் எடுத்தது. எங்கள் கூட்டமே சிரித்தது. அடுத்த வருடம் ஜெர்மன் லீக் பட்டம் அவர் கையில்.

சென்னை ஆட்களுக்கு உங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. 2017-18 இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த ஜோன் கிரகரி 2019 நவம்பரில் சென்னையின் எஃப்.சி. கழகத்தை விட்டுப் போனார், அணி அடிமட்டத்தில் கிடந்தது. ஓவன் கோயில் வந்தார். அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ. முன்னால் நிற்பவர்களை அவிழ்த்துவிட்டார், அவ்வளவுதான். நாலாம் இடத்தில் முடித்து, 2020 மார்ச்சில் ஆளில்லாத கோவா மைதானத்தில் இறுதிப் போட்டிவரை போய் ஏ.டி.கே.யிடம் தோற்றார்கள். நல்ல ஆட்கள் தவறான விளையாட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எங்கள் தேசிய அணியைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்பவர்களும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை சம்மேளனத்தையே ஃபிஃபா தடை செய்து வைத்திருந்த நாட்டில் கோச்சைப் பற்றி என்னத்தைப் பேச!

நீக்க வேண்டிய நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் கோலைப் பார்ப்பதில்லை. பந்தை இழந்த அடுத்த மூன்று நான்கு வினாடிகளைப் பார்ப்பேன். பந்தை விட்டவரும் பக்கத்தில் நிற்பவரும் துரத்துகிறார்களா, இல்லை இடுப்பில் கையை வைத்து நிற்கிறார்களா? 3-0 என்று தோற்கிற அணியிலும் ஆட்கள் துரத்தினால் அந்தக் கோச்சின் பேச்சு இன்னும் எடுபடுகிறது என்று அர்த்தம், நான் விட்டுவைப்பேன். 2021 ஓகஸ்டில் ஆர்சனல் முதல் மூன்று மட்ச்சும் தோற்று, ஒரு கோலும் அடிக்காமல், பட்டியலின் அடியில் கிடந்தது. கோச் ஆர்டேட்டாவை வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஐந்தாவது, பிறகு வரிசையாக மூன்று வருடம் இரண்டாவது. ஆர்சனல்காரர்களுக்கு "இரண்டாவது" என்றாலே கோபம் வரும், அது வேறு கதை. மறுபக்கம், 1-0 என்று தோற்றாலும், கோல் வாங்கியபின் ஒருவரோடொருவர் பேசாமல் நடு வட்டத்துக்கு நடந்து போகிற அணியில் அந்த மனிதருக்கு வேலை முடிந்துவிட்டது.

இந்த அளவுகோலை வைத்தும் எங்கள் கூட்டத்தில் தீராத சண்டை டொட்டன்ஹாம். 2024-25 இல் லீக்கின் 38 மட்ச்சில் 22 தோல்வி, 17 ஆம் இடம். அதே சீசனில் யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் யுனைட்டடை 1-0 என்று வென்று, 17 வருடத்துக்குப் பிறகு ஒரு கிண்ணம். கோச் ஆஞ்ச் பொஸ்டகொக்லு அதைத் தூக்கி மூன்று வாரம் முடிவதற்குள் அவரை நீக்கிவிட்டு, பிரென்ட்ஃபோர்டிலிருந்து தோமஸ் பிராங்கைக் கொண்டுவந்தார்கள். உப்புவெளியில் இருக்கிற என் டொட்டன்ஹாம் நண்பன் நிர்வாகத்தை இன்னும் மன்னிக்கவில்லை. நான் அவனோடு ஒத்துப்போகவில்லை. அந்த ஆட்கள் 17 ஆம் இடத்துக்குரியவர்கள் இல்லை, காயங்களைக் கழித்துப் பார்த்தாலும்கூட. பின்களத்தை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தி, ஒவ்வொரு வாரமும் முதுகுக்குப் பின்னால் அதே கோலை வாங்கிய மனிதர் அடுத்த வருடமும் அதைத்தான் செய்திருப்பார். பதில் ஆளின் பெயர் கையில் இருந்தது, மாற்றியது சீசன் முடிந்த ஜூன் மாதத்தில், வருகிறவருக்குக் கோடை முழுக்க மிச்சம் இருந்தது. நிர்வாகத்தில் நான் இருந்திருந்தாலும் கையை உயர்த்தியிருப்பேன். கிண்ணம் வென்ற மனிதரை எப்படி அனுப்புவது என்று அவன் கேட்கிறான். சம்பியனாக்கிய ரனியேரியையே அனுப்பினார்கள் என்றால், "அது லெஸ்டர்" என்கிறான்.