எடை பார்க்கும் கருவி அளவைச் சொல்வது எப்படி?

கேள்வி: என் மகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் நிறை நிறமாலைமானியைக் கொண்டு இரத்தத்திலுள்ள புரதங்களை அளக்கிறாள். அக்கருவி மூலக்கூறின் நிறையைத்தான் காட்டும் என்கிறாள். அப்படியானால் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை அதைக் கொண்டு எப்படி அறிகிறார்கள்?
— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

இரத்தத்தின் தெளிந்த நீர்மமான பிளாஸ்மாவில் அல்புமின் என்ற ஒரு புரதம் மட்டுமே லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதமோ, நலமாக உள்ளவரிடம் மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம் (ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவே காணப்படும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 கோடி மடங்கு வேறுபாடு. இத்தனை நெரிசலில் முழுப் புரதத்தைத் தேடுவது கடினம் என்பதால், டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்து, லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களை அடுத்து அதை வெட்டி, பெப்டைடு என்னும் சிறு துண்டுகளாக்குகிறார்கள். அவற்றுள் வேறெந்தப் புரதத்திலும் வராத வரிசை கொண்ட ஒரு துண்டே அப்புரதத்தின் அடையாளமாகிறது. கருவி, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து அத்துண்டைப் பிடித்து, வாயுவில் மோதவிட்டு உடைத்து, உடைந்த பகுதிகளையும் சரிபார்க்கிறது.

இதுவரை நடந்தது அடையாளம் காண்பதுதான். திரையில் தோன்றும் முகட்டின் உயரத்தை அப்படியே அளவாகக் கொள்ள முடியாது; ஏனெனில் சம அளவில் உள்ள இரு பெப்டைடுகள்கூட சமமாக மின்னூட்டம் பெறுவதில்லை, உடன் வரும் மற்ற மூலக்கூறுகள் அதன் சமிக்ஞையை அமுக்கியும் விடுகின்றன.

இதற்குக் கண்ட வழி, எனக்கு இத்துறையிலேயே மிகவும் பிடித்தது: அதே பெப்டைடுக்கு ஓர் இரட்டைப் பிறவியைச் செய்வது. அதன் லைசினில் உள்ள 6 கார்பன்களும் சற்றே கனமான வகையான கார்பன்-13 ஆகவும், 2 நைட்ரஜன்களும் அதேபோல் கனமான நைட்ரஜன்-15 ஆகவும் இருக்கும். எனவே நிறை 8 டால்டன் (அணு நிறையின் அலகு) கூடும், வேதிக் குணம் மாறாது. இரண்டும், மூலக்கூறுகளைப் பிரித்துக் கருவிக்கு அனுப்பும் நிறப்பிரிகைக் குழலிலிருந்து ஒரே நேரத்தில் வெளிவரும். அமுக்கப்பட்டால் இரண்டும் ஒன்றாகவே அமுக்கப்படும். நாம் அந்த இரட்டையில் 100 ஃபெம்டோமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் மிகச் சிறிய அலகு) சேர்த்து, இயற்கைத் துண்டின் சமிக்ஞை அதில் பாதியாக இருந்தால், அது 50 ஃபெம்டோமோல் என்று கணக்கிடலாம்.

ஆனால் அந்த இரட்டையை எந்தக் கட்டத்தில் சேர்த்தார்கள் என்பதை உங்கள் மகளிடம் அவசியம் கேளுங்கள். வெட்டும் வேலை முடிந்த பின் சேர்த்தால், டிரிப்சின் அரைகுறையாக வெட்டியிருந்தாலும் கணக்கில் அது தெரியாது. அளவு குறைவாகவே வரும். நிறை கூட்டிய முழுப் புரதத்தைத் தொடக்கத்திலேயே சேர்ப்பதுதான் முறை, செலவு அதிகமென்றாலும்.

எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு அளக்கும் வழக்கமான சோதனை இருக்க, இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றலாம். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் தைராய்டு உண்டாக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை அளக்கும்போது, சிலரது உடலே அப்புரதத்துக்கு எதிராக உண்டாக்கியுள்ள எதிர்ப்பொருள் குறுக்கிட்டு, அளவைக் குறைத்துக் காட்டிவிடும். டிரிப்சினோ அந்த எதிர்ப்பொருளையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது.

2014-இல் நேச்சர் இதழில் வெளிவந்த மனிதப் புரத வரைபடத்தில் உங்கள் ஊரின் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸுக்குப் பெரும் பங்குண்டு. 30 வகைத் திசுக்களிலும் உயிரணுக்களிலும், 17,294 மரபணுக்களின் புரதங்களை அதில் அடையாளம் கண்டார்கள். எது எங்கே இருக்கிறது என்பதற்கான சான்று அது. நோயாளி ஒருவரின் இரத்த மாதிரிக் குழாயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதற்கு, குழாயிலிருந்தே கவனம் வேண்டும்: பிளாஸ்மா வெளிர் மஞ்சளாக இல்லாமல் செந்நிறம் கலந்திருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கசிந்திருக்கிறது என்று பொருள், அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொல்வதே நல்லது.