ஏக்கருக்கு 95 மூடையா? சராசரி எடுக்கமுன் தரவைச் சுத்தமாக்குங்கள்

கேள்வி: இலங்கையின் சம்மாந்துறைப் பக்கம் எங்கள் விவசாயிகள் அமைப்பின் நான்கு போக நெல் விளைச்சல் பதிவுகளை எக்செலில் ஒன்றாக்கினோம். சிலரின் பெயர் இரண்டு மூன்று தடவை வருகிறது. ஒரு வயலில் ஏக்கருக்கு 95 மூடை என்றிருக்கிறது. இவற்றை அழித்துவிட்டுச் சராசரி எடுக்கலாமா?

பதில்: எதையும் அழிக்காதீர்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். எதை, ஏன் மாற்றினீர்கள் என்பதை அந்தந்த நிரையிலேயே குறியுங்கள்.

65 கிலோ மூடையென்றால் 95 மூடை 6,175 கிலோ. ஓர் ஏக்கரில் அது விளையாது. 95 புசலென்றால், புசல் ஏறத்தாழ 20.9 கிலோ வீதம், 1,985 கிலோ. நம் வயலுக்குப் பொருந்துகிற விளைச்சல். புசல் கணக்கை மூடை நிரலில் பதிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பற்றுச்சீட்டைப் பார்த்த பிறகே திருத்துங்கள். மூடையின் எடையும் இடத்துக்கிடம் மாறும். அதைக் கேட்டறிந்து, எல்லாவற்றையும் கிலோவாக்கிப் புதிய நிரலில் போடுங்கள்.

பெயரை வைத்து ஆளைச் சேர்க்கவே வேண்டாம். முகம்மது, முஹம்மட் என ஒருவரே இருவராவார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயரும் யுனிகோடில் தட்டிய பெயரும் திரையில் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அடையாள அட்டை இலக்கமே உதவும். பழைய இலக்கத்துக்கு முன்னால் 19, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய 12 இலக்கம் வரும். பதியமுன் அந்த நிரலை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். தொலைபேசி நிரலையும் அப்படியே; இல்லாவிட்டால் முன்னாலுள்ள 0 போய்விடும்.

ஒரே இலக்கம் இரண்டு தடவை வந்தாலே இரட்டைப் பதிவு என்றாகாது. ஒருவருக்கு இரண்டு வட்டையில் (வயல்வெளியில்) காணி இருக்கலாம். ஆள், காணி, போகம் மூன்றும் ஒத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பெரும்போகத்தை 2023/24 என்றே எழுதுங்கள். விதைப்பு ஓர் ஆண்டு, அறுவடை அடுத்த ஆண்டு.

அதிகம் பொறுமை கேட்பது வெற்றுக் கட்டங்கள். வெள்ளத்தில் முற்றாக அழிந்த வயலுக்கு 0 போட வேண்டும். பதியாமல் விடுபட்டது வெற்றாகவே இருக்க வேண்டும். எக்செலின் சராசரி 0-ஐக் கணக்கெடுக்கும், வெற்றை விட்டுவிடும். அழிந்த வயல்கள் வெற்றாகக் கிடந்தால் நாசமான போகமும் நல்ல போகமாகத் தெரியும். அந்தத் தாளோடு நட்டஈடு கேட்கப் போகிறவர்களுக்கு அது பெரும் அநியாயம். வட்டையின் பொறுப்பாளரான வட்டைவிதானையிடம் ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டு நிரப்புங்கள்.

பிறகு, இன்னும் வெற்றாக உள்ள வயல்களின் ஏக்கரை விட்டுவிட்டு, மொத்தக் கிலோவை மொத்த ஏக்கரால் வகுங்கள். ஒவ்வொருவரின் ஏக்கர் விளைச்சலையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அரை ஏக்கர்க்காரரும் பத்து ஏக்கர்க்காரரும் கணக்கில் ஒரே முக்கியத்துவம் பெறுவார்கள். வெளியாருக்குக் கொடுக்கும் பிரதியில் அடையாள அட்டை நிரலை நீக்கி, வெறும் வரிசை இலக்கம் இடுங்கள்.